மாதா பார்த்த பக்கம்

அத்தியாயம் 4

பதினேழு பேரைக் கேட்டாயிற்று. பதினேழு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"மாதாவுக்குக் கிட்ட ஒருத்தரும் போகேல்லை."

கௌரி குறிப்புப் புத்தகத்தை மூடினாள். திறந்தாள். மறுபடியும் மூடினாள். இரத்த அழுத்தம் என்று டாக்டர் கோப்பியை நிறுத்தி அன்றோடு நாலு நாள். அந்த நாலு நாளில் அவள் ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போலப் பத்து நிமிடம் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

"அக்கா, அந்த நோட்டை இன்னும் ரெண்டு தடவை திறந்து மூடினீங்கன்னா காத்து வரும். ஏற்கெனவே குளிருது," என்றான் சூர்யபிரகாஷ்.

அவளுடைய உதவியாளன். சென்னையிலிருந்து கணினியில் முதுகலை படிக்க வந்தவன். படிப்பு வாரத்தில் ஐந்து நாள், வாய் ஏழு நாளும். கௌரி யாழ்ப்பாணத்துக்காரி. பதினொரு வருடம் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, அடுத்தவர் சொன்ன மெய்யையும் பொய்யையும் ஒரே குரலில் பிரெஞ்சுக்கு மாற்றி அலுத்துப்போய், துப்பறியும் அலுவலகம் திறந்தவள். மொன்றியல் தமிழ்ச் சனத்தின் தொலைந்த நகைகளும் தொலைந்த மாப்பிள்ளைகளும் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும்.

2006 செப்டெம்பர், கடைசி ஞாயிறு, பின்னேரம் நாலு முப்பத்தைந்து. பழைய துறைமுகத்தின் மேற்கு முனையில் மஞ்சள் டிராம் ஒன்று நின்றது. ஐம்பத்தொன்பதில் நகரம் கைகழுவிய டிராம்களில் ஒன்றை ஒரு சங்கத்தார் தூசி தட்டி, வர்ணம் பூசி, அந்தக் கோடை முழுவதும் ஆற்றோரம் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டினார்கள். பக்கச் சுவரில்லாத வண்டி, ஒற்றைத் தண்டவாளம். கிழக்கே மணிக்கூட்டுக் கோபுரம் வரை போய் அதே வழியில் திரும்பி வரும். அன்று கடைசி நாள். ஐந்து மணி ஓட்டம் முடிந்ததும் அதை லொறியில் ஏற்றித் தென்கரையில் ஒரு கொட்டகைக்குள் பூட்டிவிடுவார்கள். பிறகு மே மாதம் வரை யார் போய்க் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள்.

நடந்தது இதுதான். தமிழ்க் கத்தோலிக்கச் சனம் அன்று மதியம் ஒரு முழு டிராமையும் தமக்கென்று பேசி எடுத்திருந்தது. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாதா சொரூபம் கிழமைக்கு ஒரு வீடாகப் போகும். ஊர் பார்க்கப் போனாலும் கூடவே வரும். டிராமில் மாதாவுக்குத் தனி இருக்கை. அதில் வெள்ளைப் பின்னல் துணி, துணியின் மேல் மரப்பீடம், பீடத்தின் மேல் முழ உயரச் சொரூபம். பீடத்துக்கும் துணிக்கும் இடையில், மாதாவின் காலடியில், யோசெப்பின் ஒரு பழுப்பு உறையை வைத்திருந்தாள். எல்லோரும் திரும்பி வந்து இறங்கியபோது உறை இல்லை.

உறைக்குள் இருந்தது அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழ். மறுநாள் காலை எட்டரைக்கு அவளுடைய அகதி விசாரணை. இருபத்தேழு வயது யோசெப்பினுக்குத் தான் இன்னாரென்று காட்ட இந்த உலகத்தில் இருந்த தாள் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மன்னாரில் எரிந்தது பாதி, கனடாவுக்குக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் பறித்தது மீதி. சான்றிதழ் போன கிழமைதான் கொழும்பிலிருந்து வந்திருந்தது. மூலத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார் வழக்கறிஞர்.

"மாதாவுக்குப் பின் சீற்றில டெனிஸ்டன் இருந்தவர் அக்கா," என்றாள் யோசெப்பின். அழுது முடித்த குரல். "நான் அவரிலை பழி போடேல்லை. இருந்தவர் எண்டுதான் சொல்லுறன்."

டெனிஸ்டன் துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓட்டுபவன். கையைக் கட்டிக்கொண்டு, கிளம்பவும் மனமில்லாமல் நிற்கவும் மனமில்லாமல் நின்றான்.

"போன மாதம் நீங்கள் இவவைக் கலியாணம் கேட்டனீங்கள்," என்றாள் கௌரி.

"கேட்டனான். மாட்டன் எண்டவ. சரி எண்டிட்டு வந்திட்டன்."

"கேஸ் தோத்தால் இவ கனடாக்காரன் ஒருத்தனைக் கட்டித்தான் இஞ்ச இருக்கலாம் எண்டு சனம் கதைக்குது."

"சனம் கதைக்கும். நான் களவெடுக்கிற ஆளெண்டால் ஒரு கொண்டெய்னரையே எடுத்திருப்பன். ஒரு கடுதாசிக்கு ஏன் இவ்வளவு பாடுபடுறன்?"

அதற்குள் சூர்யபிரகாஷ் படக் கடைக்குப் போய்த் திரும்பியிருந்தான். டிராம் புறப்படும்போது ஒரு படம், கிழக்கு முனையிலிருந்து திரும்பப் புறப்படும்போது இன்னொரு படம் என்று ஒரு பெண் எடுத்து, இறங்குகிறவர்களிடம் விற்பாள். இரண்டையும் அவன் வாங்கி வந்தான்.

"முதல் படம் பாருங்கக்கா. மாதா காலடியில கவர் நீட்டிட்டு இருக்கு. ரெண்டாவது படத்துல இல்ல."

கௌரி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தாள். சரிதான். முதல் படத்தில் பழுப்பு ஓரம் துணிக்கு வெளியே எட்டிப் பார்த்தது. இரண்டாவதில் வெள்ளைத் துணி மட்டும்.

"இப்ப ரெண்டாவது படத்துல நம்ம டெனிஸ்டன் அண்ணனைப் பாருங்க. வண்டி கிளம்பப் போகுது, இவரு ஓடி வர்றாரு. ரெண்டு கையிலயும் சேர்த்து ஒன்பது கோன் ஐஸ்கிரீம். ஒண்ணுகூட உருகல. வண்டி அங்க நின்ன பன்னிரண்டு நிமிஷமும் கியூவுல நின்னிருக்காரு. கவரை எடுத்திருந்தா பல்லாலதான் எடுத்திருக்கணும்."

"பிள்ளையளுக்கு வாங்கினது," என்றான் டெனிஸ்டன். "ஒருத்தரும் ஒரு நன்றி, ஒரு மெர்சி கூடச் சொல்லேல்லை. கள்ளன் எண்டு மட்டும் சொல்லிச்சினம்."

யோசெப்பின் நிலத்தைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். கொஞ்சத் தூரம் போய், திரும்பி வந்து, "நாளைக்கு நல்லபடி முடியட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி போனான். கௌரி குறிப்புப் புத்தகத்தில் அவன் பெயரை அடித்தாள்.

"அப்ப கிழக்கு முனையில அந்தப் பன்னிரண்டு நிமிசத்துக்குள்ளதான் போயிருக்கு," என்றாள். "அந்த நேரம் டிராமுக்குள்ள ஆர் இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. எல்லாரும் இறங்கியிட்டம். மாதா மட்டும்தான்."

"கண்டக்டர்?"

யோசெப்பின் யோசித்தாள். "ஓம். அவர் சீற்றுகளைத் திருப்பிக்கொண்டு இருந்தவர்."

"ஆகா," என்றான் சூர்யபிரகாஷ். "பதினேழு பேரும் மறந்துட்ட பதினெட்டாவது ஆள்."

டிராம் மணி அடித்தது. கடைசி ஓட்டம்.

*

ஏறியவர்கள் நாலு பேர். கௌரி, சூர்யபிரகாஷ், யோசெப்பின், அவர்களோடு மூப்பர் நீக்கிலாப்பிள்ளை. கோயில் காரியங்களை முன்னின்று நடத்துகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மூப்பர். வயது எழுபத்திரண்டு. அன்று மாலை மாதா போக வேண்டியது சென்ட் லோரன்டில் இருக்கும் மாக்கிரட் வீட்டுக்கு. மாக்கிரட் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டாள். மூப்பர் அசையவில்லை. "தேடி முடியும்வரை மாதாவும் இஞ்ச நிக்கட்டும்" என்று சொல்லி, முதல் வரிசையில் சொரூபத்தை வைத்துவிட்டு, நடைவழிக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

"சூர்யா, நீர் மத்தியானம் மாதா இருந்த சீற்றில இரும். மூண்டாவது வரிசை, ஆத்துப் பக்கம்."

"வாழ்க்கையில மொத புரமோஷனே மாதா லெவலுக்கா," என்று சொல்லி உட்கார்ந்தான். "யாராவது காலடியில ஏதாச்சும் வைக்கிறீங்களா? சாண்ட்விச் மாதிரி?"

மூப்பர் திரும்பிப் பார்த்தார். சூர்யபிரகாஷ் வாயை மூடிக்கொண்டான், சுமார் ஒரு நிமிடத்துக்கு.

டிராம் ஊர்ந்தது. ஒலிபெருக்கி பிரெஞ்சில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம் ஊர்க்கதை சொன்னது. இடது பக்கம் பழைய கல் கட்டடங்கள், வலது பக்கம் ஆறு. தூரத்தில் பாலம். யாருக்கும் பார்க்கிற மனம் இல்லை. கௌரி சிறிய டோர்ச்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இருக்கைக்கும் அடியில் குனிந்தாள். பதினாலு வரிசை. ஒரு கொண்டை ஊசி, ஒரு செபமாலை மணி, யாரோ துப்பிய சூரியகாந்தி விதைகள். நிமிர்ந்தாள், திரும்ப முதல் வரிசையிலிருந்து குனிந்தாள்.

கடலோடிகளின் மாதா கோயில் வந்தது. அதன் உச்சியில் மரியாள் துறைமுகத்தைப் பார்த்துக் கையை விரித்து நிற்கிறாள். மூப்பர் சிலுவை போட்டுக்கொண்டார். கண்டக்டரும் தொப்பியைத் தொட்டுச் சிலுவை போட்டதைக் கௌரி கவனித்தாள்.

அவர் பெரிய மீசைக்காரர். ஓய்வுபெற்ற பஸ் சாரதி என்று தானாகவே சொன்னார். கௌரி பிரெஞ்சில் சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"மதியம் அந்தச் சொரூபத்துக்குக் கீழே ஒரு உறை இருந்தது. நீங்கள் எடுத்தீர்களா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

"மடாம், நான் அந்தப் பக்கமே போகவில்லை. கன்னி மரியாளின் காலடியில் கை வைத்தேன் என்று தெரிந்தால் செத்துப்போன என் அம்மா எழுந்து வந்து காதைத் திருகுவாள்."

பொய் சொல்கிறவர்களின் குரல் பதினொரு வருடமாகக் கௌரிக்குள் ஓடியிருந்தது. இது அந்தக் குரல் இல்லை. அப்படியானால் டிராமில் ஒருவரும் இல்லை, உறையும் இல்லை. அவளுக்குக் கோப்பி மணத்தது. கோப்பி எங்கும் இல்லை.

டிராம் கிழக்கு முனையில் நின்றது. கண்டக்டர் தன் வேலையைத் தொடங்கினார். இந்த டிராம் திரும்பாது; இருக்கைகள்தான் திரும்பும். ஒவ்வொரு இருக்கையின் முதுகுப் பலகையையும் பித்தளைப் பிடியில் பிடித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினால், பின்னால் பார்த்த இருக்கை முன்னால் பார்க்கும். டக், டக் என்று ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்றாவது வரிசையில் பலகை சூர்யபிரகாஷின் பிடரியில் போய் மோதியது.

"ஐயோ. அக்கா, இவரு கொலை பண்ணப் பார்க்கறாரு."

"எழும்பி நில்லுமன்."

"எழுந்துக்கிறேன். என்னைக் கிளப்பாம இந்தச் சீட்டைத் திருப்ப முடியாது போல." பிடரியைத் தடவிக்கொண்டு எழுந்தான்.

கௌரி நின்ற இடத்திலேயே நின்றாள். அன்று முழுவதும் அவள் அசையாமல் நின்றது அப்போதுதான்.

"என்ன சொன்னனீர்?"

"என்னைக் கிளப்பாம திருப்ப முடியாதுன்னேன். ஏன், அதுவும் தப்பா?"

அவள் இரண்டு படங்களையும் பையிலிருந்து உருவினாள். முதல் படத்தில் டிராம் கிழக்கே போகிறது. மாதா கிழக்கே பார்க்கிறார். இரண்டாவதில் டிராம் மேற்கே திரும்பப் போகிறது. மாதா மேற்கே பார்க்கிறார். பின்னல் துணி மடிப்புக் குலையாமல் இருக்கிறது. ஒரு மணி நேரமாகக் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மத்தியானம் மாதாவின் இருக்கையைத் திருப்பியது நீங்களா?" என்று கண்டக்டரிடம் கேட்டாள்.

"இல்லை மடாம். அதை மட்டும் விட்டுவிட்டேன். தொட எனக்குத் தைரியமில்லை. மற்ற இருக்கைகளைக் கடைசிவரை திருப்பிவிட்டு, மேலே மின்கம்பியைத் தொடும் தண்டை மறுபக்கம் மாற்றிவிட இறங்கினேன். ஏறி வந்து பார்த்தால் அதுவும் திரும்பியிருந்தது. உங்கள் ஆட்களில் யாரோ என்று நினைத்தேன்."

"யோசெப்பின்," என்றாள் கௌரி மெல்ல. "மாதாவை ஆர் தூக்கி வைக்கிறது?"

"மூப்பர்தான் அக்கா. வேற ஒருத்தரும் தூக்கிறேல்லை."

"அப்ப ஏன் டிராமுக்குள்ள ஒருத்தரும் இல்லை எண்டனீங்கள்? பதினேழு பேரும்?"

யோசெப்பினுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "மூப்பர் மாதாவோட நிண்டவர். அது எப்பவும்தானே."

கோயிலில் எத்தனை பேர் என்று எண்ணும்போது சுவாமியாரை யாரும் எண்ணுவதில்லை. பதினேழு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் எண்ணிய எண்ணிக்கையில் மூப்பர் வரவில்லை, அவ்வளவுதான். கேள்வி கேட்ட கௌரியும் அவரை எண்ணவில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் தலையை நிமிர்த்தினாள். முதல் வரிசையில் நீக்கிலாப்பிள்ளை எழுந்து நின்றார். யாரும் சொல்லவில்லை, அவரும் யாரையும் பார்க்கவில்லை. வலது கையால் சொரூபத்தைப் பீடத்தோடு அணைத்துத் தூக்கி, இடது கையால் பித்தளைப் பிடியைத் தள்ளி, துணியை உதறி விரித்து, மாதாவை மேற்கே பார்க்க வைத்தார். ஒரு மூச்சு நேரம் கூட ஆகவில்லை.

"என்னக்கா," என்றான் சூர்யபிரகாஷ் தாழ்ந்த குரலில், "குற்றவாளியே டெமோ காட்டறாரு."

"வாயைப் பொத்தும்."

*

கௌரி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிராம் திரும்ப ஊரத் தொடங்கியது.

"ஐயா, மாதா எந்தப் பக்கம் பாக்க வேணும்?"

"போற பக்கம் பிள்ளை. வள்ளத்தில போனாலும் அப்பிடித்தான், வண்டியில போனாலும் அப்பிடித்தான். பின்பக்கம் பாக்க வைக்கிறேல்லை."

"மத்தியானமும் நீங்கள்தான் திருப்பி வச்சனீங்கள்."

அவர் ஆற்றைப் பார்த்தார்.

"எல்லாற்றை பையையும் பாத்திட்டம். குப்பைத் தொட்டியும் பாத்தாச்சு. பாக்காதது ஒண்டுதான்." பீடத்தின் கீழ்ப்பகுதியில் மெழுகுதிரி வைக்கும் சின்ன இழுப்பறை ஒன்று இருந்தது. டிராம் ஏறுமுன் சூர்யபிரகாஷ் அதைச் சுட்டிக் காட்டியபோது, அது மாதாவுடையது என்று சொல்லி இரண்டு பெண்கள் அவனை முறைத்துத் துரத்தியிருந்தார்கள். "நீங்களே திறவுங்கோ. நான் சைவக்காரி, என்ர கை வேண்டாம்."

மூப்பர் இழுப்பறையைத் திறந்தார். மெழுகுதிரிகளுக்குக் கீழே பழுப்பு உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

யோசெப்பின் எழுந்து வந்து நடைவழியில் நின்றாள். "ஏன் ஐயா?" என்றாள்.

"தூக்கேக்கை உறை சரிஞ்சு விழுந்தது," என்றார் அவர். "கடுதாசி வெளியில வந்திட்டுது. எடுத்து உள்ளுக்கு வைக்கத்தான் போனன். ஊர்ப் பேரைக் கண்டன். வாசிச்சன். வாசிச்சிருக்கக் கூடாது." அவர் தாளைக் கௌரியிடம் நீட்டினார். "திகதியைப் பார் பிள்ளை."

1979 ஏப்ரல் 13. கௌரிக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. "வருசப் பிறப்பை ஒட்டின நாள். நல்ல நாள்தானே?"

"எழுதினவனும் அப்பிடித்தான் நினைச்சிருக்கிறான். அந்த வருசம் அது பெரிய வெள்ளி. பெரிய வெள்ளியில ஒரு கோயில்லயும் ஞானஸ்நானம் குடுக்கிறேல்லை. சாகக் கிடக்கிற பிள்ளையெண்டால் தவிர. இது கள்ளக் கடுதாசி."

கௌரிக்கு அந்த விசாரணை அறைகளைத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் சிறுவயதில் பூசைக்கு உதவிசெய்து வளர்ந்தவர்கள். கெபெக்கில் பெரிய வெள்ளி தெரியாதவர் யார்? ஒரு பழைய நாட்காட்டி போதும். அந்த ஒரு தாளோடு யோசெப்பின் சொன்ன மற்ற எல்லா உண்மையும் பொய்யாகிப் போகும்.

"எனக்குத் தெரியும்," என்றாள் யோசெப்பின்.

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"கள்ளம் எண்டு எனக்குத் தெரியும். கொழும்பில ஒரு ஆள் செய்து தந்தது. ஊர்க் கோயிலுக்கு எழுதிக் கேட்டனான், ஞானஸ்நானப் புத்தகத்தில என்ர பேர் இல்லை எண்டு பதில் வந்தது. வேற என்ன செய்யிறது? நாளைக்குப் பொய் சொல்லப் போறன் எண்டுதான் மாதாவின்ர காலடியில வச்சனான். மன்னிப்புக் கேட்டு வச்சனான்." அவள் மாதாவைப் பார்த்தாள். "ஆனால் அம்மா சாகும்வரைக்கும் சொன்னவ, பதிஞ்சிருக்கு, புத்தகத்தில பதிஞ்சிருக்கு எண்டு. சங்கிலித்தாம் பதியிறன் எண்டு சொன்னவராம்."

சங்கிலித்தாம் என்றால் கோயிலில் மணியடித்து, பூசைக்கு எல்லாம் எடுத்து வைப்பவர். சூர்யபிரகாஷ் அதைக் கேட்க வாயெடுத்து, மூப்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

"அந்தச் சங்கிலித்தாம் நான்தான்," என்றார் நீக்கிலாப்பிள்ளை.

டிராம் ஒரு வளைவில் கிறீச்சிட்டது. அவர் அது ஓயும்வரை காத்திருந்தார்.

"இஞ்ச இரண்டு வருசமாய் உன்னைக் காணுறன். ஆற்றை பிள்ளை எண்டு கேக்கேல்லை. இண்டைக்குக் கடுதாசியில பாத்தன். தகப்பன் யோசெப், தாய் றோசலின். எழுபத்தொன்பது தை மாதம். மாரி மழை விடேல்லை. உனக்கு வயது ஒரு மாதமும் இல்லை, காய்ச்சல், கண் செருகிப் போச்சு. உழவு மெசின் பெட்டியில வச்சு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனம். தாம்போதியில ரோட்டுக்கு மேலால தண்ணி பாயுது, மெசின் நிண்டிட்டுது. தகப்பன் கடலில. சுவாமியார் இல்லை. பிள்ளை போகுது எண்டு தாய் கத்துறா. நான்தான் கையில மழைத் தண்ணியை ஏந்தி உன்ர தலையில வார்த்தன். அந்தரம் அவசரத்தில ஆரும் வார்க்கலாம், அந்த ஞானஸ்நானம் செல்லும். பேர் என்ன எண்டு கேட்டன். தாய்க்குச் சத்தம் வரேல்லை. தகப்பன் யோசெப், அப்ப யோசெப்பின் எண்டு நானே சொல்லிப்போட்டன்."

யோசெப்பின் மெதுவாக அடுத்த வரிசை இருக்கையில் உட்கார்ந்தாள்.

"சுவாமியாரிட்டைச் சொல்லிப் புத்தகத்தில ஏத்த வேணும். தாய்க்குச் சத்தியம் பண்ணினனான். நீ தப்ப மாட்டாய் எண்டு நினைச்சன். செத்த பிள்ளையை எழுதி என்ன எண்டு விட்டிட்டன். பேந்து பிள்ளை தப்பியிட்டுது, தாயும் பிள்ளையும் வவுனியாவுக்குப் போயிட்டினம் எண்டு கேள்விப்பட்டன். இவ்வளவு நாள் ஏன் சொல்லேல்லை எண்டு சுவாமியார் கேப்பார். அந்த வெக்கத்தில பிறகும் சொல்லேல்லை. எண்பத்தி மூண்டில நானும் ஊரை விட்டு வெளிக்கிட்டிட்டன்." அவர் கையை விரித்துப் பார்த்தார். "இண்டைக்கு உதைக் கிழிக்கவும் மனம் வரேல்லை, திருப்பித் தரவும் மனம் வரேல்லை. தந்தால் நாளைக்கு நீ பிடிபடுவாய். தராட்டி வெறுங்கையோட போவாய். இரண்டுக்கும் காரணம் நான்."

அவருடைய கண்ணீர் மீசைக்குள் இறங்கியது. யோசெப்பின் அவரைத் திட்டுவாள் என்று கௌரி எதிர்பார்த்தாள். திட்டினால் நியாயம்தான் என்றும் நினைத்தாள். அவள் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கோபமும் ஆச்சரியமும் கலந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கௌரி எழுந்தாள். உட்காரத்தான் அவளால் முடியாதே.

"ஐயா, இதை நாளைக்கு அந்த அறையில சொல்லுவீங்களோ? நீங்கள் கனடாப் பிரஜை. பிறந்த மாதத்திலயிருந்து இவவை, இவவின்ர தாய் தகப்பனைத் தெரிஞ்ச ஆள். சத்தியக் கடுதாசி ஒண்டு எழுதி, நேரிலயும் வந்து சொன்னால் அது சாட்சி. வெல்லும் எண்டு நான் சொல்ல மாட்டன். பொய்க் கடுதாசியை விட நூறு பங்கு திறம் எண்டு சொல்லுவன்."

"எனக்குப் பிரெஞ்சு வராது."

"தமிழில சொல்லுங்கோ. அதுக்கு ஆள் இருக்கும்."

"கோயில் சனத்துக்கும் தெரிய வரும்."

"ஓம். வரும்."

டிராம் மேற்கு முனைக்கு வந்து நின்றது. லொறி தயாராகக் காத்திருந்தது. கண்டக்டர் மணியை ஒருதரம் தேவையில்லாமல் அடித்தார், அந்த வருடத்துக்குக் கடைசியாக. மூப்பர் போனை எடுத்து மாக்கிரட்டைக் கூப்பிட்டார்.

"பிள்ளை மாக்கிரட், இந்தக் கிழமை மாதா உங்கட வீட்டை வரேல்லை. யோசெப்பின்ர வீட்டை போறா. ஏன் எண்டு நாளைக்குக் கோயிலில நானே எல்லாருக்கும் சொல்லுறன்."

யோசெப்பின் தாளை வாங்கி உறைக்குள் போட்டாள். உறையை இழுப்பறைக்குள் மெழுகுதிரிகளுக்கு அடியில் வைத்து மூடினாள். "காலடியில வச்சது. அங்கயே இருக்கட்டும்," என்றாள்.

"லோயர் வீடு ஆத்துக்கு அங்கால, புரோசார்ட்டில," என்றாள் கௌரி. அவள் ஏற்கெனவே காரை நோக்கிப் பாதித் தூரம் போயிருந்தாள். "இப்ப போனால் இண்டைக்கே எழுதலாம். பாலத்தில சனம் நிக்கும். சூர்யா, நீர்தான் ஓட்டுறது. எனக்குக் கை நிக்குதில்லை."

"காபி வாங்கித் தரட்டாக்கா? டாக்டர்கிட்ட சொல்ல மாட்டேன்."

"ஓட்டும்."

முன் இருக்கையில் யோசெப்பின், மடியில் மாதா. பின்னால் கௌரியும் மூப்பரும். பாலத்தில் ஏறியபோது நினைத்தபடியே வாகனங்கள் ஊர்ந்தன. கீழே ஆறு, பின்னால் நகரம். கௌரி மணிக்கூட்டைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள், திரும்ப மணிக்கூட்டைப் பார்த்தாள். எட்டரைக்கு இன்னும் பதினாலு மணி நேரம் இருந்தது.

"நேராய்ப் பிடி பிள்ளை," என்றார் மூப்பர் பின்னாலிருந்து. "போற பக்கம் பாக்கட்டும்."

யோசெப்பின் சொரூபத்தைத் திருப்பி நேராகப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஐயா, அண்டைக்கு நான் அழுதனானோ?"

"இல்லைப் பிள்ளை. ஒரு சத்தமும் இல்லாமல்தான் கிடந்தனீ. தண்ணி பட்ட பிறகுதான் அழுதனீ."

கௌரி அந்த வாக்கியத்தை மனதுக்குள் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தாள். பிறகு இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். நாளைக்கு அந்த அறையில் அதை வேறு யாரோ மொழிபெயர்ப்பார்கள். ஒரு சொல்லும் விடாமல் சொல்ல வேண்டுமே என்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.